ஏயு கீறேன்

ஞாயித்துக்கெயம சாயங்காலம் ராயபுரத்துல ரயில் ரோட்ட ஒட்டிப் போனா, மணல் மைதானத்துலருந்து ஒரு கூச்சல் கேக்கும். ஒரே ஒரு ஆளு அடித்தொண்டையில "ஏயு?"ன்னு கேப்பான். மைதானம் மொத்தமும் "கீறேன்!"னு, இங்கதான் நிக்கறேன்னு, பதில் சொல்லும். மூணு வாட்டி. நாலாவது வாட்டி கெடையாது. அது எங்க புட்பால் டீமோட கூச்சல். இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல கத்திகினு கீறாங்க.

புட்பால் டீமுன்னா பதினோரு ஆளு. அப்பால ஏயுன்ற நம்பரு எங்கருந்து வந்துச்சு? கேட்டா ஆளுக்கு ஒரு கத சொல்லுவாங்க. ஒரு மேட்ச்ல ஏயு கோல் போட்டோமாம், அதுக்குன்றான் ஒருத்தன். நாங்க ஏயு கோல் போட்டதே இல்ல, வாங்கிகீறோம். ஏயு தெருக்காரங்க சேந்து ஆரம்பிச்ச டீமுன்றான் இன்னொருத்தன். ஏயாம் நம்பர் பனியன் போட்ட ஒரு சூரன் இருந்தானாம், அவனுக்குன்றான் மூணாமவன். அந்தக் காலத்துல பனியனுக்கு நம்பரே கெடையாது. பாதி பேருக்குப் பனியனே கெடையாது. போன மாசம் டீக்கடையில ஒருத்தன், "ஏயு கன்னிமாருக்கு வேண்டிகினு ஆரம்பிச்சதுய்யா, உனுக்கு இதுகூட தெரியாதா?"ன்னு என்னாண்டயே சொன்னான். அந்தக் கன்னிமார் கதய பத்து வருசத்துக்கு முன்னாடி அதே டீக்கடையில உட்டவன் நான். நல்லா வளந்து, மீச மொளச்சு, என்னாண்டயே திரும்பி வந்துகீது.

நெசம் தெரிஞ்சவங்க இப்போ ரெண்டு பேர்தான் மிச்சம். ஒருத்தி பேச மாட்டா. இன்னொருத்தன் பேசினா எவனும் நம்ப மாட்டான். அந்த இன்னொருத்தன் நான்.

ஏயுன்னா ஒரு ஆளு. எங்க டீமுல இடது ஓரத்துல ஆடினவன், என் தோஸ்து. "கீறேன்"னு மொத வாட்டி மைதானத்துல கேட்ட கொரலு அவன்துது. வாயி என்துது. அப்போ அவன் உசிரோட இல்ல.

மொதல்லருந்து சொல்றேன்.

வெள்ளக்காரன் போயி ரெண்டு மூணு வருசம் இருக்கும். மதுவெலக்கு வந்த புதுசு. நாங்க எட்டு பேரு ஒரு கேங்கு, துறைமுகத்துல கப்பல் சரக்கு எறக்கற வேல. கப்பல் வயித்துக்குள்ள ஏணி வெச்சு எறங்கணும். பட்டப்பகல்லயே உள்ள இருட்டு. மேல ஒரு சதுரமா வானம் தெரியும். அந்தச் சதுரத்து ஓரத்துல எங்க மேஸ்திரி நிப்பாரு. அவர நாங்க எல்லாம் நைனான்னுதான் கூப்புடுவோம். கீய நாங்க சரக்கச் சங்கிலியில மாட்டுவோம், நைனா சரக்குத் தூக்கற விஞ்சு மிஷின ஓட்டறவனுக்குக் கை காட்டுவாரு, சரக்கு மேல போவும்.

மூட்டன்னா பிரச்சின இல்ல. இரும்பு எறக்கற அன்னிக்குத்தான் பேஜாரு. கம்பிக் கட்டு ஆடிச்சுன்னா ஆளு காலி. அதனால இரும்புக்கு ஒரு கட்டள. ஒவ்வொரு கட்டு தூக்கறதுக்கு முன்னாடியும் எட்டு பேரும் ஏணியாண்ட வந்து நிக்கணும். நைனாவுக்கு மேலருந்து எங்க மூஞ்சி தெரியாது. அதனால எண்ணுவாரு. "ஒண்ணு?" "கீறேன்." "ரெண்டு?" "கீறேன்." எட்டு கொரலும் ஏணிப் பக்கத்துலருந்து வந்தாத்தான் விஞ்சுக்குக் கை தூக்குவாரு. பேரச் சொல்லிக் கூப்புடறது கெடையாது. கப்பலுக்குள்ள நாம நம்பருதான். என் தோஸ்து ஏயு. நான் எட்டு, கடேசி.

இந்த எண்ணிக்கையிலதான் நாங்க ஒரு ஓட்ட போட்டு வெச்சிருந்தோம்.

எனிக்கு ஒரு வித்த உண்டு. யாரு கொரல்ல வேணும்னாலும் பேசுவேன். டிராம் கண்டக்டரு, கம்பெனி பாபு, கப்பல் சங்கு, சேட்டு வூட்டு நாயி, எல்லாம். கல்யாண வூட்ல என்னிய நிக்க வெச்சுப் பேசச் சொல்லிட்டு, சோறு கடேசி பந்தியில போடுவாங்க. கேங்குல மீதி ஏயு பேரு கொரலும் எனிக்கு அத்துப்படி. என் சொந்தக் கொரலுதான் கொஞ்சம் சொமாரு.

அதனால கேங்குல ஒரு மொற. மத்தியானச் சோத்துக்கு அப்பால, ஒரு நாளிக்கு ஒருத்தன், சரக்குக்குப் பின்னாடி கோணியப் போட்டுகினு ஒரு மணி நேரம் தூங்கலாம். நைனா எண்ணும்போது அவன் நம்பர் வந்தா நான் அவன் கொரல்ல "கீறேன்"னுடுவேன். இதுக்குக் 'கொரல் குடுக்கறது'ன்னு பேரு. அதுக்குப் பதிலா நான் குனிய வேண்டிய எடத்துல இன்னொருத்தன் குனிவான். என் மொறன்னா ஆறாம் நம்பர்காரன் எனிக்குக் கொரல் குடுப்பான்; என் சொமாரு கொரல எவன் வேணும்னாலும் போடலாம். எனிக்கு ஒடம்பு வத்தல், சோம்பேறித்தனம் ஜாஸ்தி. வாயால ஒயச்சு முதுகக் காப்பாத்திகினு இருந்தேன். பொதுவா ஏணிக்கு நேர் எதிர் மூலையிலதான் படுப்பாங்க, சங்கிலி அந்தப் பக்கம் வராது. ஒரு வருசத்துக்கு மேல இப்டியே ஓடிச்சு. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல. நைனாவுக்குத் தெரியவும் தெரியாது.

அந்த நாளு ஒரு சனிக்கெயம. மொற என்துது. மறுநாளு மில்லுகாரங்க டீமோட மேட்ச்.

சோறு துண்ணுட்டுக் கை கய்வறப்போ தோஸ்து வந்து குந்தினான். கய்த்துல ஒரு துண்டச் சுத்திகினு இருந்தான்.

"மாமு, இன்னிக்கு உன் மொறய எனிக்குக் குடேன். காலு கெஞ்சுது."

"காலு கெஞ்சினா காலாண்ட பேசு. என்னாண்ட இன்னா?"

"நாளிக்கு மேட்ச்சு மாமு. மொத கோலு உனுக்குத்தான்."

"போன வாரமும் இத்தத்தான் சொன்ன. கோலு போட்டது அவனுங்க."

"அது சும்மா ஒத்திக. போ மாமு, சொம்மா இம்ச பண்ணாத."

குடுத்துட்டேன். பெரிய தியாகம் இல்ல. அவன் ஆடறத பாக்கறது எனிக்குப் புடிக்கும். கொஞ்சம் வளஞ்ச காலு, செருப்புகூட கெடையாது, அவன் ஓரத்துல ஓடினா மணலு பறந்து பாக்கறவன் வாயில உயும். அத்தத் துப்பிகினே நாங்க கை தட்டுவோம்.

அன்னிக்கு எதிர் மூலையில எந்தப் பீப்பாயிலருந்தோ எண்ண ஒயுகி கலீஜா இருந்துச்சு. அதனால அவன் கம்பிக் கட்டு அடுக்கினதுக்குப் பின்னாடி போயி படுத்துகீறான். நான் பாக்கல. எங்க படுத்தான்னு பாக்கறது கொரல் குடுக்கறவனோட வேல. யாரும் எய்தி வெக்கல, ஆனா அவன் வேலதான். ஒரு வருசமா எல்லாரும் ஒரே மூலையில படுத்ததால, நான் பாக்கறத உட்டுட்டேன்.

நைனா எண்ணினாரு. "ஆறு?" "கீறேன்." "ஏயு?"

நான் சொன்னேன். கணீர்னு, கடேசியில அவன் இயுக்கற மாதிரியே ஒரு இயுப்போட. ரொம்ப நல்லா வந்துச்சு. பக்கத்துல நின்ன ஆறு என் இடுப்புல ஒரு குத்து வுட்டு சிரிச்சான். அப்பால "எட்டு?"ன்னாரு. அது என் சொந்தக் கொரலு, சொமாராத்தான் வந்துச்சு.

கட்டு மேல போச்சு. போறப்போ அடுக்க இயுத்துச்சு. அடுக்கு சரிஞ்சுது. அவ்ளோதான். சத்தம் பெருசாக்கூட இல்ல. இரும்பு சரியற சத்தம் தெனமும் கேக்கறதுதான்.

அவனத் தூக்கி மேல கொண்டாந்தப்போ நைனா, "எண்ணினேனே... எண்ணினேனே..."ன்னு சொல்லிகினே இருந்தாரு.

மறுநாளு மேட்ச் நடக்கல. மூலகொத்தளம் சுடுகாட்டுக்குத் தூக்கிகினு போனோம். முன்னாடி டீமு ஆளுங்க, பின்னாடி கேங்கு. மேளம் அடிச்சாங்க. எல்லாரும் அய்தாங்க. எனிக்கு அய்க வரல. வருதா வருதான்னு பாத்துகினே நடந்தேன். போற வயி பூரா பசிச்சுது. பசிக்குதேன்னு வெக்கமாக்கூட இல்ல. திரும்பி வந்து குளிச்சிட்டு மூணு தோச துண்ணேன். அதுல ரெண்டாவது தீஞ்சு போயிருந்துச்சு. இதெல்லாம் ஞாபகம் கீது. அவன் மூஞ்ச கடேசியா எப்போ பாத்தேன்னு ஞாபகம் இல்ல.

கம்பெனியில கேட்டாங்க. கண்ணாடி போட்ட ஒரு பாபு காயிதத்துல எயுதினாரு. நைனா சொன்னாரு: "எட்டு கொரலு கேட்டேன் சாமி. ஏயு கணீர்னு பதில் சொன்னான். அப்பறந்தான் கை தூக்கினேன்." இடது கை ரேக வெச்சாரு. அப்பால எங்க ஏயு பேரக் கேட்டாங்க. நாங்க ஏணியாண்ட நின்னோம்னோம். நெசந்தான். ஏயாவது கொரலு யாருதுன்னு பாபு கேக்கல. நாங்க சொல்லல. சொன்னா ஏயு பேரு வேலயும் பூடும்ன்ற கணக்கு ஒரு பக்கம். எங்க எல்லாருக்கும் நான் கொரல் குடுத்திருக்கேன், எல்லாரும் அந்தக் கோணியில தூங்கினவங்கதான், அது இன்னொரு பக்கம். வெளிய வந்தப்புறம் ஆறு மட்டும் என் தோள்ல கை போட்டான். பீடி குடுத்தான்.

காயிதத்துல இன்னா வந்துச்சுன்னா, பதில் சொல்லிட்டு ஆளு தானா போயி ஆபத்தான எடத்துல படுத்துட்டான். ஏன் படுத்தான்? புத்தியுள்ளவன் படுப்பானா? அதுக்குக் காயிதத்துல பதில் இல்ல. தெருவுல இருந்துச்சு. குடிச்சிருந்தானாம். கள்ளு, சாராயம் கெடைக்காத காலம், வார்னிஷக் கரச்சுக் குடிச்சவனெல்லாம் இருந்தான். "அதான்யா, வார்னிஷ்." ஒரு வாரத்துல அது காயிதத்தவிட உறுதி ஆயிடுச்சு.

அவன் பொஞ்சாதி துறைமுகத்துக்கு வெளிய குடோன்ல கியிஞ்ச கோணி தைக்கற வேலைக்குப் போச்சு. அது அண்ணங்காரன் வூட்ல இருந்துச்சு. அண்ணங்காரன் வாசல்ல நின்னு போறவன் வர்றவன்கிட்டல்லாம், "குடிகாரனுக்குக் குடுத்தேன், தலயெயுத்து"ன்னு சொல்லுவான். எல்லாம் எனிக்குத் தெரியும். அந்த வூட்டத் தாண்டித்தான் தெனம் வேலைக்குப் போவேன். அவன் சொல்றப்போ நான் தலய ஆட்டிட்டுப் போவேன். ஆமான்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. மாடு ஆட்டுமே, அந்த மாதிரி.

மூணு வாரம் கயிச்சு மேட்ச். எங்க கேப்டன் ஒரு முடிவு பண்ணான். இடது ஓரத்துல யாரையும் போடறதில்ல, பத்து பேரா ஆடறது, அதுதான் செத்தவனுக்கு மரியாதன்னு. மரியாத நல்லாத்தான் இருந்துச்சு. மில்லுகாரங்க அந்தக் காலி ஓரத்துலயே வந்து வந்து ரெண்டு கோலு போட்டாங்க.

எனிக்குப் பக்கத்துல நைனா கொடையப் புடிச்சுகினு நின்னாரு. ரெண்டாவது கோலு உயுந்தப்போ, அந்தக் காலி ஓரத்தப் பாத்து, கப்பல்ல கூப்புடற அதே கொரல்ல கூப்ட்டாரு.

"ஏயு?"

யாரையும் கூப்புடல அவரு. சும்மா வந்துடுச்சு. எனிக்கும் சும்மாத்தான் வந்துச்சு.

"கீறேன்!"

கணீர்னு. கடேசியில அந்த இயுப்போட.

நானா முடிவு பண்ணி சொல்லல. எச்சி முய்ங்கற மாதிரி அது. ஒரு வருசமா அந்தக் கேள்விக்கு அந்தப் பதில சொல்லிகினு இருந்த வாயி. மைதானம் அப்டியே நின்னுடுச்சு. மில்லுகாரங்க கோல்கீப்பர்கூட திரும்பிப் பாத்தான். பின்னாடி எவனோ, "அய்யோ, அவன் கொரலுடா"ன்னு அய்தான். அய்துகினே, "ஏயு?"ன்னு கத்தினான். இந்த வாட்டி அம்பது பேரு சொன்னாங்க: "கீறேன்!" மூணாவது வாட்டி மைதானமே சொல்லுச்சு. அதுதான் ஆரம்பம். வேற ஒண்ணும் இல்ல.

அப்பால ஒரு கோலு போட்டோம். மில்லுகாரன் ஒருத்தன் தொடையில பட்டு தானா உள்ள போச்சு. அத்தக் கடவுளே போட்ட கோலுன்னாங்க. ஒண்ணுக்கு ரெண்டுல தோத்து, ஜெயிச்ச மாதிரி வூட்டுக்குப் போனோம். என்னியத் தோள்ல தூக்கி வெச்சுகினாங்க. மேலருந்து பாத்தப்போ நைனா அதே எடத்துல நின்னுகினு இருந்தாரு. என்னியப் பாக்கல. கொடய மடக்கறதும் விரிக்கறதுமா இருந்தாரு.

அதுக்கப்பால ஒவ்வொரு ஞாயித்துக்கெயமயும் இதே வேல. ஜனம் என்னிய முன்னாடி நிக்க வெச்சுடும். மொத "கீறேன்" நான் சொல்லணும், அவன் கொரல்ல. அப்பறம் அவங்க. டீ வாங்கிக் குடுத்தாங்க. ஒரு கடக்காரன் எனிக்கு மட்டும் வடைய பெருசா போட்டான். ஒரு ஆளக் கொன்ன வித்தைக்கு இப்டி கை தட்டினா ஒரு மனுசனுக்கு இன்னா ஆவணும்? எதுவும் ஆவல. வட ருசியா இருந்துச்சு. தூக்கம்லாம் நல்லா வந்துச்சு. குத்தம் பண்ணவனுக்குத் தூக்கம் வராதுன்றது எவனோ நல்லவன் சொன்னது. ஒடம்பு மரத்துப் போயிருந்துச்சு, ரொம்ப நேரம் குந்திகினா காலு மரக்குமே, அப்டி. குத்தினாலும் தெரியாது. நடந்தாத்தான் வலிக்கும். அதனால நான் நடக்கல.

ஆறு மாசம் போச்சு. ஒரு ஞாயித்துக்கெயம மேட்ச் முடிஞ்சு, மைதானத்துச் செவுத்தாண்ட, அவன் பொஞ்சாதி நின்னுகினு இருந்துச்சு. கோணி ஊசிய முந்தானையில குத்தி வெச்சிருந்துச்சு, குடோன்லருந்து நேரா வந்திருக்கு போல.

"அண்ணே."

"இன்னாம்மா, இந்தப் பக்கம்?"

"எங்கூட்டுக்குக் கேக்குதுண்ணே. வாரா வாரம் கேக்குது. கிட்ட வந்து கேக்கலாம்னு வந்தேன்." ஒரு அடி கிட்ட வந்துச்சு. "இன்னொரு வாட்டி சொல்லு."

"இன்னாத்த?"

"அத்தத்தான். அவரு கொரல."

ஜனம் போயிட்டிருந்துச்சு. நான் மெதுவா சொன்னேன். "கீறேன்." இயுப்போட. கேட்டுது. அயல. துணியில தையல் சரியா வந்துகீதான்னு பாப்பாங்களே, அப்டி என்னியப் பாத்துச்சு.

"நல்லா கீது. அப்டியே அவருதான்." அப்பால கேட்டுச்சு. "அன்னிக்கும் இப்டித்தான் சொன்னியா?"

எனிக்கு வாயில ஆயிரம் கொரலு. பீடியத் தேடி மடியத் தடவினேன்.

"அந்த வாரம் பூரா அவருக்குத் தொண்ட கட்டிகினு இருந்துச்சுண்ணே. மொளகு தட்டிப் போட்டு காச்சிக் குடுத்தது நானு. துண்டு சுத்தி உட்டது நானு. காத்துதான் வந்துச்சு வாயிலருந்து, பேச்சு வரல. நைனா வந்து சொன்னாரு, 'கணீர்னு பதில் சொன்னாம்மா உன் புருசன்'னு. கணீர்னு எப்டிச் சொல்லுவாரு? அன்னிக்கே இன்னாவோ இடிச்சுது. மொத மொத இங்கருந்து அந்தக் கொரலு கேட்டப்போதான் வெளங்கிச்சு."

அப்பத்தான் எனிக்கு அந்தத் துண்டு ஞாபகம் வந்துச்சு. "மொத கோலு உனுக்குத்தான்"னு அவன் சொன்னது எப்டி? கரகரன்னு, பாதி காத்தா. பக்கத்துல குந்திகினு கேட்டவன் நானு. ஊர்ல கீற கொரலெல்லாம் அத்துப்படின்னு பீத்திகினவன். அன்னிக்கு அவன் கொரலு எப்டி இருந்துச்சுன்னு நான் கேக்கவே இல்ல. எப்பவும் போடற கொரல எடுத்துப் போட்டேன். நைனாவும் காலையிலருந்து கரகரன்னு கேட்டவரு, மத்தியானம் கணீர்னு கேட்டதும் ஏன்னு நினைக்கல. அந்தக் கட்டள, எண்ணிக்க, ஏணி எல்லாம் எதுக்கு? கேக்கறதுக்கு. ரெண்டு பேருமே கேக்கல.

"தூங்கினாரா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமா."

"குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. மறுநாளு மேட்ச்சுன்னு தூங்கினான். மொற என்துது. நாந்தான் குடுத்தேன்."

"தூங்கறது ஒண்ணும் கேவலம் இல்லியே." ஊசிய முந்தானையிலருந்து எடுத்து, திருப்பிக் குத்திகிச்சு. "அடுத்த ஞாயிறு எங்கண்ணன இட்டுகினு வரேன். அவரு எதிர்ல சொல்லு. இந்த ஜனத்தோட எதிர்ல சொல்லு. குடிகாரன்னு சொன்னதும் இந்த ஜனந்தான்."

"என்னிய அடிப்பாங்கம்மா."

"அடிக்கட்டுமே."

ஒரு வாரம் ஒத்திக பாத்தேன். அடி உயுந்தா எந்தப் பக்கம் ஓடறதுன்னு எடம்கூட பாத்து வெச்சேன். ஞாயித்துக்கெயம எடவேளையில, ஒரு காலி டின்னக் கவுத்துப் போட்டு மேல ஏறினேன். ஜனம் கை தட்டிச்சு. செவுத்தாண்ட அவன் பொஞ்சாதி நின்னுச்சு, பக்கத்துல அண்ணங்காரன் கைய கட்டிகினு.

"அன்னிக்கு ஏயு பதில் சொல்லல"ன்னேன். என் சொந்தக் கொரல்ல. "அவன் தூங்கிகினு இருந்தான். குடிக்கல. 'கீறேன்'னு சொன்னது நானு. அவன் கொரல்ல நாந்தான் சொன்னேன். அத்த நம்பித்தான் நைனா கை தூக்கினாரு."

அப்பால எவனோ கெக்கெக்கேன்னு சிரிச்சான்.

"டேய், இன்னிக்கு இன்னா புச்சா உடறான் பாரு!"

"மூஞ்ச பாருடா, அப்டியே அயற மாதிரியே!"

"இன்னா நடிப்பு! யப்பா, வேற கொரலு போடு!"

"நெசமா சொல்றேன்யா"ன்னேன். அதுக்கு இன்னும் பெருசா சிரிச்சாங்க. இருவது வருசமா ஊர சிரிக்க வெச்சவன் ஒரு நாளு நெசம் பேசினா, அது அன்னிக்குச் சரக்கு கொஞ்சம் நல்லா கீதுன்னு அர்த்தம். முன்னாடி நின்னவன் கைய வாயில வெச்சு "ஏயு?"ன்னான். மைதானம் அதிர்ந்துச்சு. "கீறேன்!" மூணு வாட்டி. நான் டின்னு மேல வாயப் பொளந்துகினு நின்னேன். அடி உயாதது எனிக்குப் பெரிய ஏமாத்தமா இருந்துச்சு.

அண்ணங்காரனும் சிரிச்சான். "இதுக்குத்தான் இட்டுகினு வந்தியா? கோமாளிப் பேச்ச கேக்கவா?"ன்னு தங்கச்சியக் கேட்டான்.

சிரிக்காத ஆளு ஒருத்தருதான். நைனா. கூட்டத்த வெலக்கிகினு வந்தாரு. தலப்பாவ அவுத்துக் கையில வெச்சுகினு, அந்தப் பொண்ணு எதிர்ல போயி நின்னாரு.

"அவன் சொல்றது நெசம்மா. எட்டு கொரலு கேட்டேன், எட்டு ஆளு கேக்கல. உன் புருசன் குடிக்கல. தூங்கினான். தெரிஞ்சே வாய மூடிகினு இருந்தேன்." அப்பால அண்ணங்காரன் பக்கம் திரும்பினாரு. "இனிமே உன் வாசல்ல அந்தப் பேச்சு கேட்டுச்சு, நான் வந்து நிப்பேன் அங்க."

அண்ணங்காரன் சிரிப்பு நின்னுச்சு. சுத்தி நின்ன பத்துப் பேருக்கு மேல அது கேட்டிருக்காது. மிச்ச ஜனம் கத்திகினுதான் இருந்துச்சு. அதனாலதான் இன்னிக்கும் பத்துப் பேருக்குத் தெரிஞ்ச ஒரு கதயும், ஊருக்கெல்லாம் தெரிஞ்ச நாலு கதயும் கீது. அந்தப் பத்துல பாதி போயாச்சு, மீதி மறந்தாச்சு; பழைய கேங்குலயும் என்னிய உட்டா எவனும் மிச்சம் இல்ல.

பந்து மறுபடி ஆரம்பிச்சதும் நைனா என் பக்கத்துல வந்து குந்தினாரு.

"உனுக்கு எப்போ தெரியும் நைனா?"

"நீ இங்க மொத வாட்டி கத்தின அன்னிக்கு."

"ஏன் என்னாண்ட கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவியேன்னு பயம்டா"ன்னாரு. எங்க டீமு அன்னிக்கும் தோத்துச்சு.

திங்கக்கெயம கப்பல்ல எறங்கினோம். இரும்பு. நைனா மேலருந்து, "இனிமே கொரல் வேணாம். எட்டு பேரும் சதுரத்துக்குக் கீய வந்து நில்லு. கையத் தூக்கு. எண்ணிட்டு, ஏணியாண்ட போ"ன்னாரு. எட்டு கை. கொரல் குடுக்கற வேல அன்னியோட முடிஞ்சுது, மத்தியானத் தூக்கமும் முடிஞ்சுது. மீதி ஆறு பேரும் என்னாண்ட பேசறத நிறுத்தினாங்க. ஏயாவதா வந்த புது ஆளுக்கு ஒண்ணும் புரியாம, அவனும் சேந்து பேசல. ஒரு நாளு ஆறாம் நம்பர்காரன்தான் கேட்டான்: "உன் மனசாட்சிக்கு எங்க தூக்கந்தான் கெடச்சுதா?" நியாயமான கேள்வி. அதுக்கப்பால நான்தான் குனிஞ்சேன். எனிக்கும் முதுகு இருந்துச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

கம்பெனி காயிதம் மாறல. வாசல்ல அந்தப் பேச்சு நின்னுச்சு. அவ்ளோதான் நடந்துச்சு.

ஒரு நாளு குடோன் பக்கமா போறப்போ அவன் பொஞ்சாதியப் பாத்தேன். மடியில கோணி, கையில ஊசி.

"அந்தக் கூச்சல நிறுத்தச் சொல்லட்டாம்மா?"ன்னு கேட்டேன்.

"நீ சொன்னா நிறுத்துவாங்களா?"

"மாட்டாங்க."

"கத்தட்டும்ணே. அவரு நம்பராவது இருந்துட்டுப் போவட்டும்." நூலப் பல்லால கடிச்சுது. "நீ மட்டும் அந்தக் கொரல்ல பேசாத. அது உன்துது இல்ல."

பேசல. இருபத்தஞ்சு வருசம் ஆச்சு. கொரலு தொண்டையில அப்டியேதான் கீது, எடுத்தா வரும். எடுக்கல. டிராம் கண்டக்டர் கொரலு போடுவேன், ஆனா டிராமே போயிடுச்சு, பசங்களுக்கு அது இன்னான்னே தெரியல. நைனாவையும் மூலகொத்தளத்துக்குத்தான் கொண்டு போனோம். அன்னிக்கு அய்க வந்துச்சு. யாருக்குன்னு நான் பிரிச்சுப் பாக்கல.

மேட்சுக்கு மட்டும் போவேன். போன ஞாயிறும் போனேன். இடது ஓரத்துல ஒரு பொடியன் ஆடறான், பூட்ஸெல்லாம் போட்டுகினு. மணலு பறக்கல. ரெண்டு கோலு வாங்கினதும் எவனோ ஆரம்பிச்சான், "ஏயு?"ன்னு. எல்லாரும் கத்தினாங்க. பக்கத்துல நின்ன பையன் ஒருத்தன் என்னியத் திரும்பிப் பாத்தான்.

"இன்னா பெருசு, வாயில கொயக்கட்டயா? கத்து!"

ரெண்டாவது "ஏயு?" வந்துச்சு. நான் கையத் தூக்கினேன். கீயருந்து மேல நிக்கறவனுக்குத் தெரியற மாதிரி, நல்லா ஒசத்தி.

சரி, கெயவன் இன்னாவோ பண்றான்னு அவன் பந்தப் பாக்கத் திரும்பிகினான். மூணாவது வாட்டி முடியறவரைக்கும் நான் எறக்கல.